ஓசூர்க்காரனுக்கு எந்தக் கடற்கரை?

கல்லூரி முடிவதற்குள் எல்லோரும் சேர்ந்து ஒரு கடற்கரைக்குப் போயே தீருவது என்று வகுப்பில் தீர்மானம் ஆகிவிட்டது. எந்தக் கடற்கரை என்பதில்தான் பஞ்சாயத்து. பாதிப்பேர் கோவா. பெங்களூரு போய் பஸ் ஏறினால் விடியும்போது கடல், வேலை முடிந்தது என்கிறார்கள். இன்னொரு கோஷ்டி பாண்டிச்சேரி (காரணம் கேட்கக் கூடாது). இரண்டு பேர் மெரினா. நண்பன் ஒருவன் மட்டும் செல்போனில் இருந்த ஒரு படத்தைக் காட்டி, "போனா இங்கதான்டா போகணும்" என்றான். கரீபியனில் செயின்ட் ஜான் என்ற குட்டித்தீவில் உள்ள டிரங்க் பே கடற்கரை. உலகின் அழகான கடற்கரைகள் என்று யார் பட்டியல் போட்டாலும் தவறாமல் வரும் இடம். எல்லோரும் சிரித்துவிட்டு அவனிடம் டீக்குக் காசு கேட்டோம்.

எனக்கு அந்தப் படம் மனதில் நின்றுவிட்டது. வரலாற்றுப் பைத்தியம் என்று ஏற்கெனவே பெயர் வாங்கியவன் என்பதால், ஒவ்வொரு கடற்கரைக்கும் பின்னால் என்ன கதை இருக்கிறது என்று பார்த்து, அதை வைத்து ஓட்டுப் போடலாம் என்று உட்கார்ந்தேன். இந்தக் கட்டுரை அதன் விளைவுதான். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. நம் கிழக்குக் கடற்கரைக்கு யாரும் பொழுதுபோக்கப் போனதாகப் பழைய காலத்தில் தெரியவில்லை. மீனவருக்கு அது வேலை செய்யும் களம். கப்பல்காரருக்கு அது பயம். இங்கே இயற்கைத் துறைமுகம் கிடையாது, அலை கரையில் வந்து மோதும் வேகம் அப்படி. அதனால் கப்பல்கள் தூரத்திலேயே நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்களையும் சரக்கையும் மசூலாப் படகுகளில்தான் கரை சேர்க்க வேண்டும். ஆணி அடிக்காமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் சேர்த்துத் தைத்த படகு. அலை அடித்தால் உடையாமல் வளைந்து கொடுக்கும். கவர்னராக வந்தாலும் கைதியாக வந்தாலும் சென்னைப்பட்டணத்தில் அதில் குலுங்கி, நனைந்துதான் இறங்க வேண்டும்.

கடற்கரையில் காற்று வாங்கும் பழக்கத்துக்குச் சென்னையில் இடம் போட்டுக் கொடுத்தவர் ஒரு கவர்னர். 1881 முதல் 1886 வரை சென்னை மாகாணத்தை ஆண்ட கிரான்ட் டஃப், 1884ல் கடலோரம் ஓர் உலாப்பாதை அமைத்து அதற்கு மெரினா என்று இத்தாலியப் பெயர் வைத்தார். அவ்வளவு அகலமான மணலும் பழைய காலத்து மணல் இல்லை. 1876ல் துறைமுக வேலை தொடங்கிய பிறகு சேர்ந்தது. நம் கரையோரம் கடல், மணலைத் தெற்கிலிருந்து வடக்காகத் தள்ளிக்கொண்டு போகும். நடுவில் கல்லைக் கொட்டிச் சுவர் கட்டினால் தெற்குப் பக்கம் மணல் தேங்கும், வடக்குப் பக்கம் கரை அரிக்கும். மெரினாவுக்குக் கிடைத்தது ராயபுரத்துப் பக்கம் பறிபோனது. பாண்டிச்சேரியில் இதே கதை தலைகீழ். 1980களின் கடைசியில் ஊருக்குத் தெற்கே துறைமுகம் கட்டினார்கள், ஊரின் மணற்கரை காணாமல் போனது. கறுப்புப் பாறைகளைக் கொட்டி வைத்திருக்கிறார்களே, அது அழகுக்காக அல்ல! பிறகு கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்துக் கொஞ்சம் மணலைத் திரும்பப் பிடித்திருக்கிறார்கள். பாண்டி கோஷ்டி கவனிக்கவும்.

கோவா பற்றி ஒன்றும் சொல்லப் போவதில்லை. அங்கே போகிறவர்கள் வரலாற்றுக்காகப் போவதில்லை.

இப்போது அந்த டிரங்க் பேக்கு வருவோம். செயின்ட் ஜான் இன்று அமெரிக்காவுக்குச் சொந்தம். 1917 வரை டென்மார்க்குடையது. செயின்ட் தாமஸ், செயின்ட் ஜான், செயின்ட் குரோய் என்ற மூன்று தீவுகளையும் டேனிஷ்காரர்கள் வைத்திருந்தார்கள். கரும்புத் தோட்டம், அதில் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வந்த அடிமைகள். 1733 நவம்பரில் செயின்ட் ஜானில் அடிமைகள் எழுந்து, கோட்டையைப் பிடித்து, தீவின் பெரும்பகுதியை மாதக்கணக்கில் தங்கள் கையில் வைத்திருந்தார்கள். கடைசியில் மார்ட்டினிக்கிலிருந்து பிரெஞ்சுப் படையை வரவழைத்துத்தான் 1734ல் அடக்க முடிந்தது. 1917ல் மூன்று தீவுகளையும் இரண்டரைக் கோடி டாலருக்கு அமெரிக்காவுக்கு விற்றார்கள். 1956ல் செயின்ட் ஜானின் பெரும்பகுதி தேசியப் பூங்காவானது. ஹோட்டல்கள் முளைக்காமல் கடற்கரை இன்றும் படத்தில் உள்ளது போல இருப்பதற்கு அதுதான் காரணம். பச்சை மலைக்குள் இடிந்த சர்க்கரை ஆலைகள் இன்னமும் நிற்கின்றன. நண்பனின் செல்போன் படத்தில் அது தெரியவில்லை.

டென்மார்க் என்றதும் உங்களுக்கு மணி அடித்திருக்க வேண்டும். தரங்கம்பாடி! 1620ல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரர்கள் டான்ஸ்போர்க் கோட்டை கட்டிய அதே ஊர். 1706 ஜூலையில் சீகன்பால்கு வந்து இறங்கியதும், 1715ல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்ததும் அங்கேதான். இதெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்தது. படிக்காதது ஒன்று உண்டு. தமிழ்நாட்டுத் தறிகளில் நெய்த துணி கோபன்ஹேகன் போகும். அங்கிருந்து அதில் ஒரு பகுதி மேற்கு ஆப்பிரிக்காவின் கினியா கரைக்குப் போகும். அங்கே துணியைக் கொடுத்து மனிதர்களை வாங்குவார்கள். அந்த மனிதர்கள் செயின்ட் ஜான் போன்ற தீவுகளுக்குப் போவார்கள். தீவின் சர்க்கரை கோபன்ஹேகனுக்குத் திரும்பும். ஆக, செல்போன் படத்தில் உள்ள கடற்கரையும் நம் தரங்கம்பாடிக் கரையும் ஒரே கணக்குப் புத்தகத்தின் இரண்டு பக்கங்கள். நெய்தவருக்குத் தன் துணி எங்கே போய் என்னவாக மாறியது என்று தெரிந்திருக்க வழியே இல்லை.

1845ல் தரங்கம்பாடியையும் வங்காளத்து செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றுவிட்டு டேனிஷ்காரர்கள் கிளம்பினார்கள். கோட்டை அப்படியே நிற்கிறது. பக்கத்தில் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய மாசிலாமணிநாதர் கோயில், அதில் பெரும்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. போட்டி வைத்தால் தரங்கம்பாடிதான் முதலிடம் வாங்கும்.

ஆனாலும் என் ஓட்டு அதற்கு இல்லை. அதற்கு வடக்கே 90 கிலோமீட்டர் சொச்சத்தில் உள்ள கடலூர் தேவனாம்பட்டினத்துக்கு. சில்வர் பீச் என்பார்கள். காரணம் எளிது, நம் ஆறு அங்கேதான் கடலில் சேர்கிறது.

ஓசூரில் தினமும் கெலவரப்பள்ளி அணைத் தண்ணீரைப் பார்க்கிறோம், அது எங்கே போகிறது என்று யாராவது யோசித்திருக்கிறோமா? நந்தி மலைப் பக்கம் பிறக்கும் தென்பெண்ணை (கர்நாடகத்தில் தட்சிண பினாகினி) ஓசூர் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் வருகிறது. கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர், திருக்கோவிலூர் எல்லாம் தாண்டி, கடலூருக்கு வடக்கே தாழங்குடா பக்கம் வங்கக் கடலில் விழுகிறது. தெற்கே கெடிலம் ஆற்று முகம். இரண்டுக்கும் நடுவே தேவனாம்பட்டினம். கடல் இல்லாத மாவட்டம் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். கடல் இருக்கிறது, சுமார் 260 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, அவ்வளவுதான்.

அந்தக் கரையில் நடந்த ஒரு விஷயம் நம் ஊர் வரைக்கும் வந்தது. 1690ல் செஞ்சியிலிருந்த மராட்டியரிடம், அதாவது சிவாஜியின் மகன் ராஜாராமிடம், கிழக்கிந்தியக் கம்பெனி அங்கிருந்த சின்னக் கோட்டையை விலை பேசியது. பேசியவர் அப்போதைய சென்னை கவர்னர் எலிஹு யேல். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த அதே ஆள். கோட்டையோடு எவ்வளவு நிலம் என்பதற்கு ஒரு விசித்திரமான அளவு வைத்தார்கள். பீரங்கியால் சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதுவரைக்கும் உள்ள ஊர்களெல்லாம் கம்பெனிக்கு! நல்ல பீரங்கியாகப் பார்த்துத்தான் வைத்திருப்பார்கள், சந்தேகமே வேண்டாம். நாலா திசையும் சுட்டார்கள். சிக்கிய ஊர்களைக் குண்டு கிராமங்கள் என்றே சொன்னார்கள். கடலூரில் இன்றும் குண்டு சாலையும் குண்டு உப்பலவாடியும் உண்டு.

அதுதான் செயின்ட் டேவிட் கோட்டை. 1746ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது, கம்பெனியில் எழுத்தராக இருந்த ராபர்ட் கிளைவ் தப்பி ஓடி வந்த இடம் இது. 1752 வரை கம்பெனியின் தென்னாட்டுத் தலைமையிடமே இதுதான். 1756ல் கிளைவ் இங்கே கவர்னரானார். அடுத்த வருடம் பிளாசி. அதற்கு அடுத்த வருடம், 1758 ஜூனில், பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்துத் தரைமட்டம் ஆக்கினார். இப்போது மிச்சம் இருப்பது கொஞ்சம் செங்கல் சுவர்கள். கோட்டை என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

கோட்டை போனாலும் குண்டு நிற்கவில்லை. 1792ல் திப்பு சுல்தானோடு செய்த ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கையில் பாராமகால் கம்பெனிக்குப் போனது. அதாவது கிருஷ்ணகிரிப் பக்கம். கேப்டன் ரீடும் தாமஸ் மன்றோவும் வந்து நிலத்தை அளந்து வரி போட்டார்கள். 1799ல் திப்பு இறந்த பிறகு ஓசூரும் கம்பெனி கைக்கு வந்தது. கடலூரில் பீரங்கி சுட்டதிலிருந்து கணக்குப் போட்டால் கிருஷ்ணகிரிக்கு 102 வருடம், ஓசூருக்கு 109 வருடம். நம் ஆற்றுத் தண்ணீர் கடலூருக்குப் போவது ஒரு திசை. கடலூரிலிருந்து நமக்கு வந்தது எதிர்த்திசை.

இன்றைக்கும் போக்குவரத்து நிற்கவில்லை. பெங்களூரின் பெலந்தூர், வர்த்தூர் ஏரிகளின் கழிவுநீர் தென்பெண்ணையில்தான் வந்து சேர்கிறது. மழை பெய்து தண்ணீர் திறந்தால் கெலவரப்பள்ளியில் வெள்ளை நுரை மலை மாதிரி எழும்பும். அதைப் படம் எடுத்துப் போடாதவர் நம் வகுப்பில் யாரும் இல்லை. நுரைக்குப் பெங்களூரைத் திட்டுகிறோம், நியாயம்தான். ஆனால் நம்முடைய சிப்காட்டும் சாக்கடையும் அதே ஆற்றின் கரையில்தான் இருக்கின்றன. நமக்குக் கீழே இருப்பவர்கள் நம்மைப் பற்றி என்ன சொல்வார்கள்? கடலூரிலும் ஒரு சிப்காட் உண்டு, ரசாயனத் தொழிற்சாலைகளோடு. அவர்கள் இரண்டு பக்கமும் வாங்குகிறார்கள்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் தேவனாம்பட்டினம் மீனவர் குடியிருப்பு கடுமையாக அடிபட்டது. 2011 டிசம்பர் 30ல் தானே புயல். அவை கடல் வழியாக வந்தவை. 2024ல் வந்தது நம் வழியாக. ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபின் டிசம்பர் முதல் இரண்டு நாட்களில் நம் மாவட்டத்து ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சாலையோரம் நின்ற வேன்கள் பொம்மை மாதிரி ஏரிக்குள் உருண்டு போனதை எல்லோரும் பார்த்தோம். ஊத்தங்கரைத் தண்ணீர் பாம்பாறு வழியாகத் தென்பெண்ணையில் கலப்பது. சாத்தனூர் நிரம்பி, நொடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்தார்கள். கடலூரின் ஆற்றோர ஊர்களுக்குள் அது புகுந்தது. நாம் வீடியோ பார்த்து முடித்த மழைதான் அங்கே வெள்ளமாகப் போய் நின்றது.

குளிக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சென்னை எலியட்ஸ் கடற்கரையில் வெள்ளையாக ஒரு நினைவு மண்டபம் இருக்கிறதே, அது 1930 டிசம்பரில் மூழ்கியவர்களைக் காப்பாற்றப் போய் உயிரை விட்ட ஷ்மிட் என்ற டேனிஷ் மாலுமிக்காகக் கட்டியது. கடலே தொழிலான ஆளுக்கே அந்தக் கதி. மசூலாப் படகுக் காலத்து அலைதான் இன்றும் அடிக்கிறது. முட்டிக்கு மேல் யாரும் இறங்கக் கூடாது. நீச்சல் தெரியும் என்று சொல்லும் கிருஷ்ணகிரி அணை வீரர்களுக்கும் சேர்த்துத்தான்.

என் திட்டம் இது. வெள்ளிக்கிழமை ராத்திரி ஓசூரில் கிளம்பி கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, விழுப்புரம், பண்ருட்டி. பலா சீசனாக இருந்தால் திரும்பும்போது பண்ருட்டியில் நிறுத்தம் கட்டாயம். விடியும்போது தாழங்குடா, ஆறு கடலில் சேரும் இடத்தில் இறங்குவோம். அங்கிருந்து தேவனாம்பட்டினம், கெடிலக் கரையில் கோட்டைச் சுவர், சாப்பாடு. மத்தியானம் சிதம்பரம், சீர்காழி வழியாகத் தரங்கம்பாடி. கோவா கோஷ்டியில் மூன்று பேர் ஏற்கெனவே மனம் மாறிவிட்டார்கள். செல்போன் படக்காரன் மட்டும் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறான். டான்ஸ்போர்க் கோட்டை முன்னால் நின்று டிரங்க் பே படத்தைக் கையில் பிடித்தபடி அவனை ஒரு போட்டோ எடுக்க வேண்டுமாம். எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.