சிவகாசித் தீப்பெட்டியும் அதனை ஒட்டிய கரங்களும்

சிவகாசி நகரின் சரித்திரத்தைக் கூறப் புகுவோர் 1899-ம் வருஷத்துக் கலகத்திலிருந்து தொடங்குவது வழக்கம். ஆலயப் பிரவேசம் பற்றிய பிணக்கு முற்றி, அவ்வருஷம் ஜூன் மாதம் 6-ந் தேதி பெருங்கூட்டத்தார் ஆயுதபாணிகளாய் வந்து நகரைத் தாக்கியதும், வீடுகள் எரிந்ததும், உயிர்ச்சேதம் நேர்ந்ததும் நம்மவர் இல்லங்களில் பாட்டிமார் சொல்லக் கேட்டவையே. ஆதலின் அதனை ஈண்டு விரித்தல் வேண்டா. அக்கலகத்தைக் கண்ட தலைமுறையார் உயிரோடிருக்கும்போதே அவ்வூர் கைத்தொழிலால் தலைநிமிர்ந்தது எவ்வாறு என்பதே யாம் ஈண்டுக் கூற விரும்புவது.

அப்பிரதேசம் மழை பொய்க்கும் கரிசற்பூமி. வானம் பார்த்த வெள்ளாண்மையை மட்டும் நம்பி ஓர் ஊர் பிழைத்தல் அரிது. நம் முன்னோர் வியாபாரத்தில் சிறிது சிறிதாய் எடுத்து வைத்த மகிமைப் பணமே உறவின்முறையின் பொதுக் காரியங்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் ஆதாரமாயிற்று. இந்நிலையில் 1922-ம் வருஷம் அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் உறவினர் இருவர் கல்கத்தாவுக்குப் பிரயாணஞ்செய்து, தீப்பெட்டி செய்யும் வித்தையைச் சில மாதங்கள் தங்கிப் பயின்று திரும்பினர். பாஷை தெரியாத ஊரில் அவ்விளைஞர் பட்ட சிரமம் சொல்லாமலே விளங்கும். ஜெர்மனியிலிருந்து இயந்திரங்களும் தருவித்தனர்.

ஆயினும் நிலைத்தது இயந்திரமன்று, கையே. குச்சிகளைச் சட்டத்தில் ஒவ்வொன்றாய் அடுக்குதல், முனைகளை மருந்தில் தோய்த்தல், பெட்டியின் பக்கத்தில் சிவப்புப் பாஸ்வரம் கலந்த பூச்சைத் தடவுதல், லேபிள் ஒட்டுதல் ஆகிய யாவும் கையாலேயே நடந்தன. வெறும் பெட்டிகளை வீட்டுத் திண்ணையிலேயே ஒட்டிக் கொடுப்பாருமுண்டு. கையால் செய்த பெட்டி இயந்திரப் பெட்டியோடு சந்தையில் போட்டியிட்டு நின்றதை நம்மவர் சாமர்த்தியம் என்று எழுதிக்கொள்ளுகிறோம். அது பாதி உண்மையே. கூலி மலிவாயிருந்தமை மற்றைப் பாதி. அக்கூலியைப் பெற்றவர்கள் சுற்றுக் கிராமத்துப் பெண்களும், சொல்ல நாணுகிறோம், சிறு பிள்ளைகளுமாவர்.

தீப்பெட்டியின் லேபிளுக்காக அச்சுத்தொழிலும் ஊரில் வளர்ந்தது. 1940-ம் வருஷத்து வெடிமருந்து விதிகளின் பின்னர், லைசென்ஸ் பெற்ற பட்டாசுச் சாலைகள் பெருகின. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் பிறந்தது. சிவகாசிப் பிள்ளைகளைக் குறித்தே 1996 டிசம்பர் 10-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டார் தீர்ப்பளித்தனர். 2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2021-ல் நகரம் மாநகராட்சியாயிற்று.

நம் மண்டபங்களில் தொழிலதிபர்களின் படங்கள் தொங்குகின்றன, அது தக்கதே. அய்ய நாடார் பெயரால் 1963 முதல் கல்லூரியும் விளங்குகின்றது. சட்டம் அடுக்கிய ஒரு பெண்மணியின் பெயராவது நம் மலர்களில் அச்சேறியிருக்கிறதா என்று தேடிப் பார்க்கும் அன்பர்கள் ஏமாற்றமே அடைவர். எக்குலத்தாராயினும் அவர்களும் இச்சரித்திரத்துக்கு உரியவரே. அங்கத்தினர் எவர் இல்லத்திலேனும் பழைய லேபிள், கூலிக் கணக்கு, வேலையாட்களின் பெயர்ப் பதிவேடு இருக்குமாயின், கறையான் அரிக்குமுன் பெட்டியிலிருந்து எடுத்து வெயிலில் காயவைத்து, அதிலுள்ள பெயர்களை ஒரு தாளில் பெயர்த்தெழுதி வைக்குமாறு வேண்டுகிறோம். வேலைசெய்த மூதாட்டியர் இன்னும் இருப்பின், அவர்கள் வாய்மொழியை முதலில் எழுதுக. பதிவேடு சில நாள் காத்திருக்கும்.