கருவி விளக்கம் (செயற்கை அறிவாண்மை)

கருவி விளக்கம் என்பது செயற்கை அறிவாண்மை முகவர் ஒன்றுக்குத் தரப்படும் கருவி எதைச் செய்யும், எப்போது அதனை அழைக்க வேண்டும், அதற்கு எத்தரவுகளை அளிக்க வேண்டும், அது எதைத் திருப்பித் தரும் என்பவற்றை இயல்பான மொழியில் கூறும் சிறு உரை ஆகும். இங்கு கருவி என்பது கணினி நிரலின் செயற்கூறு ஒன்றையோ இணையச் சேவை ஒன்றையோ குறிக்கும். முகவரை இயக்கும் பெரிய மொழி மாதிரி பொதுவாகக் கருவியின் நிரலைப் பார்ப்பதில்லை. அதன் விளக்கத்தைப் படித்தே முடிவெடுக்கிறது. ஆகவே நிரல் பிழையின்றி இருந்தும், விளக்கம் தெளிவற்றிருப்பின் விடை தவறாகலாம்.

## செயற்படும் முறை

பயனரின் வினாவும் கருவி விளக்கங்களும் ஒருங்கே மொழி மாதிரிக்கு அளிக்கப்படுகின்றன. மாதிரி, பொருத்தமான கருவியின் பெயரையும் அளபுருக்களின் மதிப்புகளையும் பெரும்பாலும் ஜேசன் வடிவில் எழுதுகிறது. கருவியை இயக்குவது மாதிரி அன்று. அதனைச் சூழ்ந்துள்ள நிரலே ஆகும். கிடைத்த விளைவு மீண்டும் மாதிரிக்கு அனுப்பப்பட, அது விடையை எழுதும் அல்லது அடுத்த கருவியை அழைக்கும்.

## வரலாறு

நிரல்களுக்கு விளக்கம் எழுதும் வழக்கம் பழையது. யுனிக்சு இயங்குதளத்தின் முதற் கையேடு 1971 இல் வெளிவந்தது. ஆனால் அது மனிதருக்காக எழுதப்பட்டது. ஐயம் எழுந்தால் மனிதர் பிறரிடம் கேட்பர், மொழி மாதிரியோ பெரும்பாலும் ஊகித்துக்கொள்ளும். சிந்தித்தலையும் செயலையும் மாறிமாறி நிகழ்த்தும் ரியாக்ட் முறை 2022 இல் முன்வைக்கப்பட்டது. 2023 சூனில் ஓப்பன்ஏஐ நிறுவனம் செயற்கூறு அழைப்பு வசதியை அறிமுகம் செய்தது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட மாடல் காண்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்னும் நெறிமுறை, கருவியின் பெயர், விளக்கம், உள்ளீட்டு வடிவம் ஆகியவற்றை அறிவிக்கும் பொது முறையை வகுத்தது.

## எடுத்துக்காட்டு

செங்கல்பட்டு மாவட்டத்தில் கல்பாக்கத்தை அடுத்துள்ள கடற்கரை ஊர் புதுப்பட்டினம். இவ்வூர் மீனவர் ஒருவர், "நாளை கடலுக்குப் போகலாமா?" என்று ஒரு முகவரிடம் வினவுவதாகக் கொள்வோம். ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் வெளியிடுவது போன்ற அலை, காற்று முன்னறிவிப்புகளைத் தரும் கருவி ஒன்று அம்முகவரிடம் உள்ளது. அதன் விளக்கம் "கடல்நிலையைத் தரும்" என்று மட்டும் இருந்தால் பின்வரும் இடர்கள் நேரலாம்.

* இடம்: மயிலாடுதுறை மாவட்டத்திலும் ஒரு புதுப்பட்டினம் உண்டு. செங்கல்பட்டு மாவட்டத்துக் கோவளத்தின் பெயரில் கேரளத்திலும் ஒரு கோவளம் உண்டு. எனவே மாவட்டத்தையோ அகலாங்கு, நெட்டாங்கையோ கேட்க வேண்டும்.
* அலகு: 20 நாட் காற்று என்பது மணிக்கு ஏறத்தாழ 37 கிலோமீட்டர் ஆகும். வெறும் "20" என்று வந்தால், பலத்த காற்று மிதமானதாகப் பொருள்கொள்ளப்படலாம்.
* நேரம்: அதிகாலை 4 மணி இந்திய நேரம், ஒருங்கிணைந்த அனைத்துலக நேரப்படி முந்தைய நாள் இரவு 10.30 ஆகும். "நாளை" எந்த நேரக் கணக்கில் என்பது கூறப்பட வேண்டும்.
* பொருள்: முன்னறிவிப்பில் கூறப்படும் குறிப்பிடத்தக்க அலை உயரம், அலைகளுள் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி ஆகும். தனி அலை அதன் இருமடங்கையும் எட்டக்கூடும்.
* வெற்று விளைவு: தரவு கிடைக்காமையை "எச்சரிக்கை இல்லை" என்று மாதிரி கருதக் கூடாது.

இவற்றைக் கருத்திற்கொண்டு விளக்கத்தைப் பின்வருமாறு திருத்தலாம்:

"கடற்கரை ஊர் ஒன்றின் அலை உயரம் (மீட்டர்), காற்றின் வேகம் (நாட்) ஆகியவற்றின் முன்னறிவிப்பைத் தரும். ஊர்ப்பெயருடன் மாவட்டமும் தேவை; மாவட்டம் தெரியாவிடில் பயனரிடம் கேட்கவும். நாள், நேரம் இந்திய நேரப்படி. அலை உயரம் சராசரியே. தனி அலைகள் இதனினும் உயரலாம். தரவு இல்லையெனில் 'தரவு இல்லை' என வரும். அதனைப் பாதுகாப்பு என்று கொள்ளற்க. மீன்பிடித் தடைக்காலத்தை இக்கருவி அறியாது."

இறுதி வரி கருவியின் எல்லையை வரையறுக்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உள்ளது. கடல் அமைதியாக இருப்பதனாலேயே படகு செல்லலாம் என்று முகவர் கூறிவிடாதிருக்க இவ்வரி உதவும்.

## மொழி

விளக்கம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்படினும் வினா தமிழில் வரலாம். வாடை (வடகாற்று), கொண்டல் (கீழ்க்காற்று) போன்ற சொற்களை அளபுரு விளக்கத்தில் சேர்ப்பது, வினாவையும் தரவையும் சரியாக இணைக்கத் துணைபுரியும்.

## பாதுகாப்பும் சோதனையும்

பிறர் உருவாக்கிய கருவியின் விளக்கத்தில் தீய கட்டளைகள் மறைத்து எழுதப்படக்கூடும். இது கருவி நஞ்சூட்டல் எனப்படும். அழித்தல், பணம் செலுத்துதல் போன்ற மீளப்பெற இயலாத செயல்களை விளக்கம் வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும். எனினும் விளக்கம் மட்டும் காவல் ஆகாது; மனித ஒப்புதலும் நிரல்வழித் தடையும் தேவை.

கருவியை அழைக்க வேண்டிய வினாக்களோடு, அழைக்கக் கூடாத வினாக்களையும் கொடுத்து விளக்கத்தைச் சோதிப்பர். மிக நீண்ட விளக்கங்கள் மாதிரி ஒரே நேரத்தில் படிக்கக்கூடிய உரையளவில் இடத்தைப் பிடித்துக்கொள்வதால், முடிவை மாற்றக்கூடிய செய்திகளை மட்டும் எழுதுவது நன்று.

## இவற்றையும் பார்க்க

* செயற்கை அறிவாண்மை
* பெரிய மொழி மாதிரி
* செயலி நிரலாக்க இடைமுகம்
* புதுப்பட்டினம்