சடுகுடு: பிடிமுறைத் தடைகள்

நெகிரி செம்பிலானின் சிரம்பான், ரந்தாவ் வட்டாரங்கள் உள்ளிட்ட மலேயா ரப்பர்த் தோட்டங்களுக்குத் தமிழ்த் தொழிலாளருடன் வந்து, பால்வெட்டு முடிந்த மாலைகளில் லயத்துத் திடல்களில் ஆடப்பெற்ற சடுகுடுவில், மூச்சடக்கித் தனியனாய் எதிர்க்களம் புகும் பாடுவோனே பேரபாயத்துக்கு உள்ளாகிறவன் ஆதலின், விதிகள் பிரதானமாக அவனையே ரட்சிக்கின்றன. வாயைப் பொத்திப் பாட்டை நிறுத்துதல், கழுத்தை நெரித்தல், கால்களைப் பின்னிக் கத்தரிப்பிடி போடுதல், காயம் விளையுமாறு மூர்க்கமாக வீழ்த்துதல் ஆகியவை நிஷித்தம். அவ்வாறு பிடிபட்டவன் ஆட்டமிழந்தவனாகான். வேண்டுமென்றே எல்லைக்கு வெளியே தள்ளப்பட்டவனுக்கும் இதே நியாயம். கணுக்காலைப் பற்றுவதும் சங்கிலிபோற் கைகோத்து மடக்குவதும் அனுமதிக்கப்பட்டவையே. பலத்தை அன்று, அதன் துஷ்பிரயோகத்தையே விதி கண்டிக்கிறது. அமெரிக்கக் காற்பந்திலும், பந்தை ஏந்த எம்பி, தற்காப்பற்று நிற்பவனின் தலையிலும் கழுத்திலும் மோதுதல் குற்றமாகும். இத்தகைய மீறல்களுக்கு, சடுகுடுவின் சர்வதேச வடிவமான கபடியில் பச்சை அட்டை எச்சரிக்கை. மஞ்சள் 2 நிமிட விலக்கம். சிவப்பு அவ்வாட்டத்தினின்றே நீக்கம்.