பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வோம்? – நொய்யல் கரையில் ஒரு வரலாற்றுப் பயணம்



யோர்தான் ஆற்றைக் கடந்த இஸ்ரயேல் மக்கள், ஆற்றின் நடுவிலிருந்து பன்னிரண்டு கற்களை எடுத்துவந்து கில்காலில் நாட்டினார்கள் என்று யோசுவா நூலின் நான்காம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அந்தக் கற்கள் அழகுக்காக வைக்கப்பட்டவை அல்ல. பின்னாளில் பிள்ளைகள் வந்து அவற்றின் பொருளைக் கேட்பார்கள், அப்போது பெற்றோரிடம் பதில் இருக்க வேண்டும் என்பதற்காக வைக்கப்பட்டவை. கல் தானாகப் பேசாது. அதன் பக்கத்தில் நின்று பேச ஓர் ஆள் வேண்டும்.

தொண்டாமுத்தூர் வட்டாரத்தில் இருக்கும் நமக்கும் ஓர் ஆறு உண்டு, கற்களும் உண்டு. வெள்ளியங்கிரி மலையில் பல ஓடைகளாகப் பிறந்து, நம் வயல்களைத் தொட்டு, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களைக் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு சேரும் நொய்யல்தான் அது. இந்த ஆற்றின் வழியாகவே நம் பிள்ளைகளை அழைத்துப்போய், கொங்கு நாட்டின் பழைய இடங்களைக் காட்ட வேண்டும் என்று சில வாரங்களாகத் திட்டமிட்டு வருகிறோம். இன்றைய சிந்தனையில் அந்தத் திட்டத்தை உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம். ஏனென்றால் இதில் பேருந்து வாடகையை விடப் பெரிய கேள்வி ஒன்று எழுந்துவிட்டது.

முதலில் நாங்கள் எழுதிய பட்டியலில் ஆலயங்கள் மட்டுமே இருந்தன. "பங்கிலிருந்து போகிறோம், ஆலயங்களைப் பார்த்துச் செபித்துத் திரும்பினால் போதாதா?" என்றார் பெரியவர் ஒருவர். இளையோரில் ஒருவர், "நாம் இந்த மண்ணுக்கு 400 வருஷத்துக்கு முன்னால்தான் வந்தவர்களா? அதற்கு முன்னால் நம் பாட்டன் பூட்டன் இங்கே இல்லையா?" என்று கேட்டார். கூட்டம் சற்று அமைதியானது. அவர் கேட்டது சரிதான். நற்செய்தி இங்கே வந்தபோது வெறும் காட்டுக்கு வரவில்லை. உழுத, நெய்த, இரும்பு உருக்கிய, எழுதத் தெரிந்த மக்களிடம் வந்தது. அவர்கள்தாம் நம் முன்னோர். ஆகவே பட்டியலை மாற்றினோம். ஒரே நாளில் எல்லாவற்றையும் அடைத்தால் முதியோருக்கு முடியாது என்பதால், இரண்டு சனிக்கிழமைகளாகப் பிரித்தோம்.

முதல் நாள் மேற்கே தொடங்குகிறது. காலையில் சித்திரைச்சாவடி அணைக்கட்டு. நம்மில் பலர் அந்த வழியாகப் போயிருப்போம். நின்று பார்த்திருக்க மாட்டோம். நொய்யலின் நீரைத் தடுத்து, வாய்க்காலில் திருப்பி, கோவை நகரின் குளங்கள் வரை கொண்டுபோகும் அமைப்பின் தலைவாசல் இது. ஒரு குளம் நிரம்பினால் அதன் மிகுநீர் அடுத்த குளத்துக்குப் போகும். கடைசியில் மிஞ்சியது மறுபடி ஆற்றுக்கே திரும்பும். மேட்டில் இருப்பவர் தமக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு கீழே விட்டால்தான் இந்த ஏற்பாடு நடக்கும். பகிர்ந்து வாழ்வதைப் பற்றி நூறு மறையுரைகள் சொல்வதை இந்த ஒரு வாய்க்கால் சொல்லிவிடும்.

அடுத்து பேரூர். நொய்யலுக்குக் காஞ்சிமாநதி என்ற பழைய பெயரும் வழங்கிய ஊர். பட்டீசுவரர் கோயிலின் கனகசபை மண்டபத்தில் 17-ஆம் நூற்றாண்டில் செதுக்கப்பட்ட தூண்சிற்பங்கள் உள்ளன. அங்கே போகும்போது வழிபாட்டு இடத்துக்குரிய மரியாதையோடு போவோம். செருப்பைக் கழற்றுவோம், சத்தம் போட மாட்டோம், படம் எடுக்கும் முன் கேட்போம். நம் ஆலயத்துக்கு வருகிறவர்களிடம் நாம் எதை எதிர்பார்க்கிறோமோ அதையே செய்வோம்.

பேரூரிலிருந்து சுண்டக்காமுத்தூர்ப் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு பாறைக் கல்வெட்டு இருக்கிறது. இராசகேசரிப் பெருவழி என்ற பழைய நெடுஞ்சாலையின் பெயரைச் சொல்லும் கல்வெட்டு அது. 9-ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் ஆதித்த சோழன் காலத்தது என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். தமிழ் எழுத்து ஒன்று, வட்டெழுத்து ஒன்று என இரண்டு எழுத்துகளில் வெட்டியிருக்கிறார்கள். ஏன் இரண்டு? சோழ நாட்டுப் பக்கமிருந்து வருகிறவருக்கு ஒன்று பழக்கம், சேர நாட்டுப் பக்கமிருந்து வருகிறவருக்கு மற்றது பழக்கம். வழிப்போக்கர் இருவருக்கும் புரியட்டும் என்ற அக்கறையாக அதை நாம் வாசிக்கலாம். யானை நடமாடும் பகுதி என்பதால் வனத்துறையிடம் முன்கூட்டியே கேட்டு, மாலைக்கு முன் திரும்பிவிட வேண்டும். மலையடிவாரத்தில் வாழும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஏன் அங்கே ஒரு பெருவழி? மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. மேலைக் கடற்கரையின் முசிறித் துறைமுகத்தில் இறங்கிய சரக்கு இந்த வாசல் வழியாகத்தான் கொங்கு நாட்டுக்குள் வந்தது. இங்கிருந்து போன சரக்கும் இதே வழியில் போனது.

அதற்குச் சாட்சி வெள்ளலூர். அந்தப் பெயரைச் சொன்னால் இன்று கோவைக்காரர்களுக்கு நினைவுக்கு வருவது குப்பைக்கிடங்கு. ஆனால் 1842-இல் அங்கே மண்ணுக்கடியிலிருந்து உரோமை வெள்ளிக் காசுகளின் புதையல் ஒன்று கிடைத்தது. அகுஸ்து, திபேரியு ஆகிய பேரரசர்களின் தெனாரியங்கள் அவை. நேயர்களே, இந்தப் பெயர்களைத் திருப்பலியில் நாம் கேட்டிருக்கிறோம். அகுஸ்து சீசரின் கட்டளையால்தான் யோசேப்பும் மரியாவும் பெத்லகேமுக்குப் போனார்கள். சீசருக்கு வரி செலுத்தலாமா என்று கேட்டவர்களிடம் ஒரு தெனாரியம் கொண்டுவரச் சொல்லி, அதிலிருந்த உருவம் யாருடையது என்று ஆண்டவர் கேட்டார். அப்போது ஆட்சியிலிருந்தவர் திபேரியு. அந்த வகைக் காசுகள்தாம் நம் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் புதைந்து கிடந்தன. விவிலியத்தின் உலகம் நமக்கு எட்டாத தூரத்தில் இல்லை.

நகரின் பெரிய கடை வீதியில் புனித மிக்கேல் பேராலயத்தில் மாலைச் செபத்தோடு முதல் நாள் முடியும்.

இரண்டாம் நாள் கருமத்தம்பட்டி. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எங்களுக்குள் மிகுதியாகப் பேச்சு நடந்ததும் இந்த இடத்தைப் பற்றித்தான்.

1606-இல் மதுரைக்கு வந்த இயேசு சபைக் குரு இராபர்ட் தெ நொபிலி, 1623-இல் சேந்தமங்கலம், சேலம் பகுதிகளுக்குப் பயணப்பட்டார். அந்த மதுரை மறைப்பணித்தளத்தின் தொடர்ச்சியாகக் கொங்கு நாட்டிலும் 17-ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவக் குடும்பங்கள் உருவாயின. அவற்றில் மூத்த தளங்களில் ஒன்று கருமத்தம்பட்டி செபமாலை அன்னை ஆலயம். 1773-இல் திருத்தந்தை இயேசு சபையைக் கலைத்தபோது தமிழகமெங்கும் பல தளங்கள் குருக்கள் இன்றித் தவித்தன. பிறகு பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபையினர் பொறுப்பேற்றார்கள். அந்தச் சபையைச் சேர்ந்த மெல்கியோர் தெ மரியோன் பிரேசிலாக், 1846 அக்டோபர் 4 அன்று கருமத்தம்பட்டியில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அப்போது அவருக்கு வயது 32. கோவை 1850-இல் தனித் திருத்தூது ஆட்சிப்பகுதியாகி, 1886-இல் மறைமாவட்டமானது. மிக்கேல் பேராலயப் பணியும் அவர் காலத்தில் தொடங்கி, அவர் போனபிறகு நிறைவுற்றது.

அவர் ஏன் போனார்? நம் பட்டியல் முதலில் தாண்டிப்போன கேள்வி இதுதான். இந்த மண்ணின் மைந்தர்களையே குருக்களாக, ஆயர்களாக உருவாக்க வேண்டும் என்பது பிரேசிலாக்கின் தணியாத ஆசை. அதற்குச் சக மறைப்பணியாளர்களிடம் போதிய ஆதரவு இல்லை. இன்னொரு பக்கம், மலபார்ச் சடங்குகள் என்று அழைக்கப்பட்ட சிக்கல் நின்றது. சாதி வழக்கங்களில் எவற்றைத் திருச்சபை பொறுத்துக்கொள்ளலாம், எவற்றைக் கூடாது என்பதில் 1744-இல் உரோமை தீர்ப்பளித்திருந்தும், நடைமுறையில் ஆளுக்கொரு விதமாகச் செய்துவந்தார்கள். ஆயராக இருந்து இதற்குப் பொறுப்பேற்க அவருடைய மனச்சான்று இடங்கொடுக்கவில்லை. பதவியிலிருந்து விலகினார், 1855-இல் அது ஏற்கப்பட்டது. மறு ஆண்டு டிசம்பர் 8 அன்று பிரான்சின் லியோன் நகரில் ஆப்பிரிக்க மறைபணிச் சபையைத் தொடங்கினார். 1859-இல் சியரா லியோனின் ஃப்ரீடவுனில் கால்வைத்த சில வாரங்களில், ஜூன் 25 அன்று, காய்ச்சலில் இறந்தார். 2020-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவிக்க ஒப்புதல் அளித்தார்.

"இதையெல்லாம் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டுமா? பேராலயத்தைக் கட்டத் தொடங்கியவர் என்று சொல்லி நிறுத்தினால் போதாதா?" என்று எங்களில் சிலர் தயங்கினோம். தயக்கத்தின் காரணம் வெளிப்படையானது. தமிழகத்தின் பல பழைய பங்குகளில் ஆலயத்துக்குள்ளேயே சாதிவாரியாக இடம் பிரிக்கப்பட்டிருந்தது. கல்லறைத் தோட்டத்திலும் சுவர் இருந்தது. அந்தச் சுவரின் இந்தப் பக்கத்தில் இருந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் அந்தப் பக்கத்தில் இருந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் இன்று ஒரே பேருந்தில் வரப்போகிறார்கள். பேச்செடுத்தால் புண்படுமோ என்ற அச்சம் எங்களுக்கு இருந்தது.

கூட்டத்தின் மூலையில் அமர்ந்திருந்த ஒரு தாய் சொன்னார்: "நீங்கள் சொல்லாவிட்டாலும் என் பிள்ளைக்குத் தெரியும், சாமி. அவன் பாட்டி சொல்லியிருக்கிறாள். ஆலயத்திலேயே வைத்து நீங்கள் ஒருமுறை சொன்னால், அவனுக்கு ஆறுதலாக இருக்கும்." அதற்கு மேல் நாங்கள் வாதாடவில்லை. கருமத்தம்பட்டியில் இந்த வரலாறு முழுவதையும் சொல்வோம் என்று முடிவாயிற்று. அதன்பின் ஐந்து நிமிடம் எல்லாரும் அமைதியாக இருப்போம் என்றும் திட்டத்தில் எழுதிவைத்தோம்.

மதிய உணவுக்குப் பின் கொடுமணல். சென்னிமலைக்கு மேற்கே, நொய்யலின் வடகரையில் இன்று அமைதியாகக் கிடக்கும் சிற்றூர். பதிற்றுப்பத்து இதைக் கொடுமணம் என்ற பெயரில் அணிகலன்களுக்காகப் போற்றுகிறது. 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகமும், பின்னர் மற்றவர்களும் இங்கே அகழாய்வு செய்தார்கள். இரும்பை உருக்கிய உலைகள், மணிக்கற்களை அறுத்துத் துளையிட்ட தொழிற்கூடங்கள், பெருங்கற்காலக் கல்லறைகள் வெளிப்பட்டன. காங்கேயம் பக்கத்துப் படியூரில் பெரில் என்ற நீலப்பச்சை மணிக்கல் கிடைத்தது. வெள்ளலூரில் புதைந்த உரோமைக் காசு எதற்கு விலையாக வந்தது என்பதற்கு இங்கே விடை கிடைக்கிறது. இந்தியப் பொருள்களுக்காக ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் உரோமையை விட்டுப் போகிறது என்று அக்காலத்து எழுத்தாளர் பிளினி குறைப்பட்டுக்கொண்டார்.

ஆனால் கொடுமணலில் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது மணிக்கற்களைப் பற்றி மட்டுமல்ல. அங்கே தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த நூற்றுக்கணக்கான பானை ஓடுகள் கிடைத்தன. பெரும்பாலானவை ஆட்களின் பெயர்கள். மன்னன் வெட்டுவித்த கல்வெட்டு அல்ல. புழங்கிய பானையில் கீறிய பெயர். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கே எழுத்து சாமானியர் கைக்கும் வந்திருந்தது. "உனக்குப் படிப்பு எதற்கு?" என்று எப்போதாவது கேட்கப்பட்ட பிள்ளைகள் நம்மிடையே இருந்தால், அவர்கள் அந்த மண்ணில் நின்று இதைக் கேட்க வேண்டும்.

பயணத்தின் கடைசி இடம் கொடுமணலுக்கு அருகிலுள்ள ஒரத்துப்பாளையம் அணை. பாசனத்துக்காக 1992-இல் திறக்கப்பட்ட இந்த அணையில், திருப்பூர்ச் சாயக் கழிவுநீர் தேங்கி, சுற்றியிருந்த நிலமும் கிணறும் கெட்டுப்போயின. 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் கழிவுநீரைச் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அந்த வேலையில் பிழைத்த குடும்பங்களும் அப்போது தவித்தன. காலையில் நம் மலையடிவாரத்தில் கையால் அள்ளிய தண்ணீரின் நிலையைக் கடைசியில் இங்கே பார்ப்போம். இதுவும் நம் தலைமுறை நாட்டிவைத்த கல்தான். இதைப் பற்றியும் பிள்ளைகள் கேட்பார்கள்.

இனி நடைமுறைச் செய்திகள். ஒரே பேருந்து, 50 பேர். ஒவ்வோர் அன்பியத்திலிருந்தும் முதியவர் ஒருவரும் பள்ளிப் பிள்ளைகள் இருவரும் கட்டாயம் வர வேண்டும். கூலி வேலைக்குப் போகும் குடும்பங்களுக்குக் கட்டணம் இல்லை. முடிந்தவர்கள் சற்றுக் கூடுதலாகக் கொடுங்கள். ஒவ்வோர் இடத்திலும் பேசப்போவது ஓர் இளைஞர். கல்வெட்டும் அகழாய்வும் சொல்வதைச் செய்தியாகவும், ஊரில் வழங்கும் கதையைக் கதை என்று சொல்லியும் பேச வேண்டும். பெருமைக்காக எதையும் கூட்ட வேண்டாம், வெட்கத்துக்காக எதையும் குறைக்க வேண்டாம்.

அன்புமிக்கவர்களே, கில்காலில் கல் நாட்டியவர்கள் தாங்கள் கடந்த ஆற்றை மறைக்கவில்லை. பாலைநிலத்தில் முணுமுணுத்த நாற்பது ஆண்டுகளையும் அவர்களுடைய நூல் மறைக்கவில்லை. நம் வீட்டிலும் ஒரு பழைய படமோ, பாட்டியின் செபமாலையோ, மங்கிய திருமுழுக்குச் சான்றிதழோ இருக்கும். பயணத்துக்கு முன் அதை எடுத்து மேசைமேல் வையுங்கள். பிள்ளை கேட்டால், உட்கார்ந்து முழுவதும் சொல்லுங்கள். உண்மையைச் சொல்லும் துணிவையும், அதைக் கேட்டபின் ஒருவரையொருவர் விட்டு விலகாத அன்பையும் ஆண்டவர் நமக்குத் தருவாராக. ஆமென்.