ஆய்வேட்டின் மாற்று: தங்கவயல் தரும் இரண்டு சான்றுகள்

நம் கோலார் தங்கவயலைப் பற்றி மலர்களில் எழுதும் அன்பர்கள் ஜான் டெய்லர் கம்பெனியில் தொடங்கி, 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டதோடு முடித்துவிடுவது வழக்கம். அந்தப் பாறைக்குள் தங்கம் தவிர வேறொன்றும் தேடப்பட்டது என்பதை நம் பிள்ளைகளில் பலர் அறியார். அத்தேடலில் பிறந்த இரண்டு கட்டுரைகளை முன்வைத்து, இன்று டாக்டர்களை, குறிப்பாக சர்ஜன்களை, எடைபோடும் ஒரு கணக்கைப் பற்றிச் சொல்வதே என் நோக்கம். எழுதுபவன் வியாபாரி. கணக்கு வாசனை கொஞ்சம் தூக்கலாத்தான் இருக்கும்.

மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தார், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தார் ஆகிய மூவரும் சேர்ந்து சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், ஹீத்கோட் ஷாஃப்ட் பக்கம், சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை வைத்தார்கள். வானிலிருந்து வரும் மற்ற கதிர்களைப் பாறை தடுத்துவிடும். நியூட்ரினோ ஒன்றுதான் ஊடுருவி வரும். அது பாறையில் மோதி உண்டாக்கும் துகளை அவர்கள் கண்டார்கள். எம்.ஜி.கே. மேனன், மைசூர்ப் பக்கத்து நஞ்சன்கூட்டில் பிறந்த பி.வி. ஸ்ரீகண்டன் முதலியோர் பெயரோடு அந்தக் கட்டுரை 1965 ஆகஸ்டு 15 அன்று 'பிசிக்ஸ் லெட்டர்ஸ்' ஏட்டில் வெளிவந்தது. (கேஜில் ஏற்றி இறக்கிய நம்ம ஆட்களின் பெயர் அதில் கிடையாது. ஆய்வேட்டில் அது வழக்கமும் இல்லை.) தென்னாப்பிரிக்காவில் இன்னொரு தங்கச் சுரங்கத்தில் இதையே தேடிய ரெய்ன்ஸ் குழுவின் கட்டுரை ஆகஸ்டு 30 அன்று வந்தது. பதினைந்து நாள் வித்தியாசம். ஆனால் நேர்மையாகச் சொல்வதானால், முதல் நிகழ்வு ரெய்ன்ஸ் குழுவின் கருவியில்தான் முந்திப் பதிவானது, 1965 பிப்ரவரி 23 அன்று. ஆக, அச்சில் முந்தியது நாம், பார்த்ததில் முந்தியது அவர்கள்.

இரண்டாவது கட்டுரை 1981இல் வந்தது. புரோட்டான் என்னும் அணுத்துகள் என்றைக்காவது சிதையுமா என்று அறிய, அதே ஆழத்தில் சுமார் 140 டன் எடையுள்ள கருவியை அமைத்தார்கள். சிதைவாக இருக்கக்கூடிய சில நிகழ்வுகள் கிடைத்திருப்பதாக எழுதினார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு அமெரிக்காவில் ஓஹையோ உப்புச் சுரங்கத்திலும், ஜப்பானில் காமியோகாவிலும் மேலும் பெரிய கருவிகளை வைத்துத் தேடியும் அப்படி ஒன்றும் அகப்படவில்லை. 50,000 டன் தண்ணீரோடு 1996இல் தொடங்கிய சூப்பர்-காமியோகாண்டேவும் இன்றுவரை கண்டதில்லை.

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு கட்டுரையைப் பிறர் தம் கட்டுரையில் எடுத்துக் காட்டினால் அது ஒரு மேற்கோள். பிலடெல்பியாவில் யூஜின் கார்ஃபீல்டு 1964இல் இவற்றை அட்டவணையாக்கி வெளியிட்டார். 1975 முதல் ஏடுகளுக்கு 'இம்பாக்ட் ஃபாக்டர்' என்ற எண்ணும் வரத் தொடங்கியது. முந்தைய இரண்டு ஆண்டுகளில் ஒரு ஏடு வெளியிட்ட கட்டுரைகளுக்கு இந்த ஆண்டு கிடைத்த மேற்கோள்களைக் கட்டுரை எண்ணிக்கையால் வகுப்பதுதான் அது. எந்த ஏட்டைச் சேர்ப்பது என்று முடிவு செய்யப் பிறந்த கணக்கு, ஆளை எடைபோடும் தராசாகிவிட்டது. அப்படிப் பயன்படுத்தாதீர்கள் என்று கார்ஃபீல்டே எச்சரித்தும் பயனில்லை.

சிக்கல் எங்கே என்றால், நம் 1981 கட்டுரையை "சரி" என்று எடுத்துக்காட்டினாலும் ஒன்று, "எங்களுக்குக் கிடைக்கவில்லை" என்று எடுத்துக்காட்டினாலும் ஒன்று. பேரேட்டில் வரவும் பற்றும் ஒரே பத்தியில் ஏறினால் கடை என்னவாகும்! இன்னொன்று, இது சராசரி. கடைசிக் காலத்தில் நம் தாதில் டன்னுக்கு 3 கிராம் அளவுக்குத் தங்கம் இறங்கிவிட்டது. அதை வைத்துக் கையிலிருக்கும் ஒரு கல்லில் எவ்வளவு என்று சொல்ல முடியுமா? உரைத்துப் பார்த்தால்தான் மாற்று தெரியும்.

துகளைப் பற்றிய பிழையால் யாருக்கும் உயிர்ச்சேதமில்லை. அறுவை மருத்துவம் அப்படியல்ல. அங்கே இந்த எண் வேறுவிதமாகவும் ஏமாற்றுகிறது. 1885இல் தொடங்கிய 'அன்னல்ஸ் ஆஃப் சர்ஜரி' சர்ஜன்களிடையே முதல் வரிசை ஏடு. ஆனாலும் பொது மருத்துவ ஏடான 'லான்செட்'டின் எண் அதைவிடப் பல மடங்கு. சர்ஜன்கள் தொகை குறைவு, எழுதுவதும் குறைவு, அவ்வளவுதான் காரணம். குடலிறக்கத்துக்கு வைத்த வலையோ மாற்றிய மூட்டோ நிலைத்ததா என்று தெரியப் பத்து வருஷம் ஆகும். கணக்கோ இரண்டு வருஷத்துக்குள் முடிந்துவிடுகிறது.

நம் நாட்டில் மருத்துவக் கல்லூரி ஆசிரியரின் பதவி உயர்வுக்கு முன்பிருந்த மருத்துவக் கவுன்சிலும், 2020இல் அதனிடத்தில் வந்த தேசிய மருத்துவ ஆணையமும் கட்டுரை கேட்டன. நாளெல்லாம் தியேட்டரில் நிற்கும் சர்ஜன் எப்போ எழுதுவார்? அவசரத்துக்கு எழுதினால் என்ன தரம் இருக்கும்? நம் சங்கத்து வீடுகளிலிருந்து மருத்துவம் படிக்கப் போயிருக்கும் பிள்ளைகள் இதில் மாட்டப்போகிறவர்கள்.

பெரிய எண்ணுள்ள ஏடு என்றால் நம்பலாமா? 2011இல் ஸ்டாக்ஹோமில் பாவ்லோ மக்கியாரினி என்ற சர்ஜன், நோயாளியின் ஸ்டெம் செல் பூசிய பிளாஸ்டிக் மூச்சுக்குழாயைப் பொருத்தி, வெற்றி என்று அதே ஆண்டில் லான்செட்டில் எழுதினார். அந்த நோயாளி 2014 ஜனவரியில் இறந்தார். ஸ்வீடனில் அவர் இவ்விதம் பொருத்திய மூவருமே பிழைக்கவில்லை. லான்செட் அக்கட்டுரையை 2018இல் திரும்பப் பெற்றது. 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு இரண்டரை ஆண்டு சிறை விதித்தது.

நம் தங்கவயல் கட்டுரையையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுமே ஏராளமாக எடுத்துப் பேசப்பட்டவை, இரண்டு முடிவுமே நிலைக்கவில்லை. ஆனால் 1981இல் சுரங்கத்திலிருந்து எழுதியவர்கள் தலைப்பிலேயே "சிதைவாக இருக்கக்கூடிய நிகழ்வுகள்" என்ற பொருளில்தான் எழுதினார்கள், "கண்டோம்" என்று எழுதவில்லை. அந்த "இருக்கக்கூடிய" என்ற சொல்லுக்கு எந்த அட்டவணையிலும் மதிப்பெண் கிடையாது.