தமிழ் ஏடுகளை வாழ வைத்தவர் யார்?



நம் தாத்தா காலத்துத் தோட்டங்களில் பத்திரிகை படித்த விதமே வேறு. பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்து, குளித்துவிட்டு வந்த பிறகு, எழுத்தறிந்த ஒருவர் லயத்து வாசலில் ஏட்டை விரிப்பார். சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர் கூடுவார்கள். "என்ன தம்பி, இன்னைக்கு என்ன போட்டிருக்கான்? சம்பளம் ஏறுமாமா?" என்று ஒரு பெரியவர் கேட்பார். தம்பி உரக்க வாசிப்பார். கேட்டவர் பலர், காசு கொடுத்து வாங்கியவர் ஒருவர்! தமிழ் ஏடுகள் பட்ட பாடெல்லாம் இந்தக் கணக்கிலேயே அடங்கியிருக்கிறது.

ஒரு ஏட்டுக்கு வருமானம் இரண்டு வழியில் வரும். ஒன்று, வாசகர் தரும் காசு. மற்றொன்று, வணிகர் தரும் விளம்பரப் பணம். இரண்டும் குறைந்தால் எவ்வளவு நல்ல ஏடும் நிற்காது. 1887-இல் சிங்கப்பூரில் மகுதூம் சாயபு 'சிங்கை நேசன்' வார இதழைத் தொடங்கினார். அது 1890 வரைதான் வந்தது. அந்த நாளில் படிக்கத் தெரிந்த தமிழர் மிகச் சிலர்.

பிறகு காலம் மாறியது. ரப்பர்த் தோட்டங்களில் தமிழர் பெருகினர், தமிழ்ப்பள்ளிகளும் பெருகின. 1924-இல் கோலாலம்பூரில் நரசிம்ம ஐயங்கார் 'தமிழ் நேசன்' ஏட்டைத் தொடங்கினார். 1935-இல் சிங்கப்பூரில் 'தமிழ் முரசு' பிறந்தது. அதை வளர்த்தவர் கோ. சாரங்கபாணி. ஏடு வாசகரிடம் காசு வாங்கியதோடு நிற்கவில்லை. 1950-களில் 'தமிழ் எங்கள் உயிர்' என்று முரசு நிதி திரட்டியது. கூலி வேலை செய்தவர்களும் தங்களால் இயன்றதைக் கொடுத்தார்கள். அந்தப் பணம் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் நூலகத்துக்குப் பயன்பட்டது. தாம் ஒரு நாளும் நுழைய முடியாத பல்கலைக்கழகத்துக்கு ஏழைகள் கொடுத்தார்கள் என்றால், தாங்கள் படித்த ஏட்டை அவர்கள் எவ்வளவு நம்பியிருக்க வேண்டும்!

ஆனால் விளம்பர வருமானம் என்றும் மெலிந்தே இருந்தது. துணிக்கடை, நகைக்கடை, சினிமாக் கொட்டகை, தீபாவளி வாழ்த்து, மரண அறிவிப்பு ஆகியவைதான் பெரிய வரவு. தோட்டத் தொழிலாளியின் பையில் பணம் இல்லை என்று எண்ணிய பெரிய கம்பெனிகள் ஆங்கில ஏடுகளையே நாடின.

தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயத்தை விட்டு மக்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்தார்கள். ஒரே இடத்தில் கூடியிருந்த வாசகர் கூட்டம் சிதறிப் போனது. பிள்ளைகள் மலாயும் ஆங்கிலமும் படித்தார்கள், அது தேவைதான். ஆயினும் வீட்டில் தமிழ் ஏடு வாங்கும் பழக்கம் குறைந்தது. பின்னர் கைப்பேசி வந்தது. விளம்பரப் பணமும் அதன் பின்னாலேயே போய்விட்டது. நட்டம் தாங்க முடியாமல் 'தமிழ் நேசன்' 2019 ஜனவரி மாதக் கடைசியோடு நின்றது. 95 ஆண்டுகளை எட்டவிருந்த ஏடு அது!

பெரிய நிறுவனங்களும் இதற்குத் தப்பவில்லை. 'தமிழ் முரசு' 1995 முதல் சிங்கப்பூர் பிரஸ் ஹோல்டிங்ஸ் குழுமத்தில் இருந்தது. விளம்பர வருமானம் சரிந்ததால், 2021-இல் அதன் செய்தி ஏடுகள் அனைத்தும் லாப நோக்கமற்ற தனி அமைப்புக்கு மாற்றப்பட்டன. ஆண்டுக்கு 18 கோடி வெள்ளி வரை, ஐந்து ஆண்டுகளுக்கு உதவ சிங்கப்பூர் அரசு 2022-இல் முன்வந்தது. அந்த உதவியால் முரசு இன்றும் ஒலிக்கிறது. எல்லா ஏட்டுக்கும் அப்படி ஓர் ஆதரவு கிடைக்குமா?

இன்று கைப்பேசியில் செய்தி இலவசமாக வருகிறது. படிப்பவர் பலர், காசு கொடுப்பவர் சிலர். லயத்து வாசல் கணக்குத்தான் திரும்பி வந்திருக்கிறது! ஆனால் அன்று வாங்காதவரிடம் காசு இல்லை. இன்று நம்மிடம் இருக்கிறது; மனம்தான் வரவில்லை.

மாணவர்களே! இன்று மேடையேறிப் பரிசு வாங்கும் நீங்கள்தாம் நாளைய வாசகர்கள். வாரம் ஒரு நாளாவது அப்பாவை ஒரு தமிழ் ஏடு வாங்கி வரச் சொல்லுங்கள். பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து உரக்க வாசியுங்கள். "இன்னைக்கு என்ன போட்டிருக்கான்?" என்று அவர் கேட்கட்டும்.