வெயில் தீவில் நத்தார்

டிசம்பரில் கொழும்பின் நண்பகல் வெப்பம் 30 பாகையைத் தொடும். அதே மாதத்தில் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் வடகீழ்ப் பருவமழை கொட்டும். வெண்பனியும் இலையுதிர்ந்த மரங்களும் இல்லாத இந்தத் தீவுக்கு, ஐரோப்பியரின் குளிர்காலப் பண்டிகை கப்பலேறி வந்து ஐந்து நூற்றாண்டுகள் ஆகின்றன. 1505இல் போர்த்துக்கீசர் வந்தார்கள். 1658க்குள் அவர்களிடமிருந்த கரையோரக் கோட்டைகள் ஒல்லாந்தரின், அதாவது டச்சுக்காரரின், கைக்குப் போயின. 1796இல் ஆங்கிலேயர் அவற்றைப் பிடித்தார்கள். கொடிகள் மாறினாலும் இலங்கைத் தமிழர் நத்தார் என்றழைக்கும் அந்தக் கிறிஸ்துமஸ் பண்டிகை நிலைத்துவிட்டது. அதைக் காப்பாற்றிக் கொடுத்ததில் பெரும்பங்கு அடுப்படிக்கு உரியது.

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலைக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒல்லாந்தர் அல்லர். ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் அவர்களில் இருந்தார்கள். பெரும்பாலோர் தனி ஆண்களாக வந்து, தீவில் ஏற்கெனவே குடியிருந்த போர்த்துக்கீச வழிப் பெண்களை மணந்துகொண்டார்கள். அந்தக் குடும்பங்களின் வழித்தோன்றல்களே ஒல்லாந்தப் பறங்கியர் சமூகம். ஒல்லாந்தரின் வழிபாட்டுக்காக 1749இல் கட்டத் தொடங்கிய வொல்வெந்தால் தேவாலயம் கொழும்பில் இன்றும் நிற்கிறது.

ஒல்லாந்தரின் நாட்டில் குழந்தைகளுக்குரிய பெருநாள் டிசம்பர் 25 அல்ல, டிசம்பர் 6. அது புனித நிக்கலஸின் திருநாள். சீர்திருத்தச் சபைப் போதகர்கள் புனிதர் வழிபாட்டை எவ்வளவோ கண்டித்தும், வீட்டில் பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்கும் வழக்கத்தை யாரும் விடவில்லை. அந்த வழக்கம் இலங்கைக்கும் வந்தது. 1908இல் கொழும்பில் தொடங்கப்பட்ட ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம், நிக்கலஸ் திருநாளைக் குழந்தைகளுக்கான விழாவாகவே நடத்தியது.

பறங்கியர் வீட்டு நத்தார்க் காலையின் தனி அடையாளம் புரூடர். ஒல்லாந்திலிருந்து வந்த இந்தப் பண்டத்தை ரொட்டிக்கும் கேக்குக்கும் இடைப்பட்டதாகச் சொல்லலாம். பேக்கரியிலிருந்து புளித்த பாண் மாவை வாங்கி வருவார்கள். அதில் வெண்ணெயும் சர்க்கரையும் சேர்த்து, முட்டை மஞ்சள் கருவை ஒவ்வொன்றாக விட்டுக் கையாலேயே அடித்துக் கலப்பார்கள். முதலில் வழுக்கிக்கொண்டு பிரியும் மாவு, அடிக்க அடிக்கப் பளபளவென்று ஒன்றுசேரும். பிறகு உலர்திராட்சையைத் தூவி, பக்கங்களில் வரிப்பள்ளம் உள்ள உயரமான அச்சில் ஊற்றி, மாவு மறுபடி உப்பும்வரை காத்திருந்து சுடுவார்கள். துண்டு போட்டு வெண்ணெய் தடவி, சிவப்பு மெழுகு பூசிய உருண்டையான ஈடம் பாலாடைக்கட்டியோடு சாப்பிடுவதுதான் முறை. ஈடம் ஒல்லாந்தின் பண்டம். மாவைப் புளிக்கவைத்ததிலோ தீவின் கையும் இருந்தது. ஈஸ்ட் கடைச்சரக்கு ஆவதற்கு முன்பு இங்கே ஆப்பத்தையும் பாணையும் பொங்கவைத்தது தென்னங்கள்.

ஆங்கிலேயர் காலத்தில் காப்பித் தோட்டங்களுக்காகக் காடுகளை அழித்துக்கொண்டு மலையேறிய துரைமார், தங்கள் ஊரை அப்படியே இங்கே நட்டுவிட முயன்றார்கள். கடல்மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில், 1840களின் கடைசியில் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் இங்கிலாந்திலிருந்து ஆட்களையும் கால்நடைகளையும் கொண்டுவந்து பண்ணை அமைத்தார். 1876இல் அங்கே ஹில் கிளப் எழுந்தது. வீடுகளில் கணப்பு அடுப்புகள் கட்டினார்கள். ஜனவரி விடியற்காலைகளில் புல்லின்மேல் சில சமயம் உறைபனி படரும். அந்த ஊருக்கு இயற்கை கொடுத்த குளிர்காலம் அவ்வளவுதான்.

கீழே கொழும்பில் குளிர்ச்சியை விலைக்குத்தான் வாங்கவேண்டியிருந்தது. 1866இல் கொழும்பு ஐஸ் கம்பெனி தொடங்கியது. பிற்காலத்து எலிபன்ட் ஹவுஸ் நிறுவனம் அதிலிருந்து வளர்ந்ததுதான். மூன்று ஆண்டுகளில் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐரோப்பாவிலிருந்து மாதக்கணக்கில் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வந்த சரக்கு, வாரக்கணக்கில் வந்து சேர்ந்தது. 1844இல் கண்டியில் தொடங்கிய கார்கில்ஸ் போன்ற கடைகள் வெள்ளையர் வீடுகளுக்குச் சீமைப் பண்டங்களை விற்றன.

ஆனால் சீமைச் சரக்கால் மட்டும் பண்டிகை நடந்துவிடவில்லை. இலங்கை நத்தார் கேக்கைப் பாருங்கள். ஆங்கிலேயரின் பழக்கேக்குக்குக் கோதுமை மாவு. இங்கே அந்த இடத்தில் வெண்ணெயில் பிசைந்த ரவை. உலர்திராட்சையோடு முந்திரிப்பருப்பு, பாகில் ஊறிய இஞ்சி, சர்க்கரைப்பாகில் இறுகிய நீற்றுப்பூசணி எல்லாம் பொடியாக நறுக்கிச் சேரும். பிராந்தியோடு பன்னீரும் தேனும் கலக்கும். கறுவாவும் ஏலமும் கிராம்பும் மணம் தரும். எந்தக் கறுவாவுக்காக ஐரோப்பியர் கடல் கடந்து வந்து சண்டையிட்டார்களோ, அதே கறுவா கடைசியில் அவர்களுடைய பண்டிகைக் கேக்கில் வந்து சேர்ந்தது. சுட்ட கேக்கைச் சிறு செவ்வகங்களாக வெட்டி, எண்ணெய்த்தாளிலும் மினுங்கும் காகிதத்திலும் சுற்றி அக்கம்பக்கம் கொடுப்பார்கள். அந்த வீட்டார் பௌத்தரோ, இந்துவோ, முஸ்லிமோ என்று பார்ப்பதில்லை.

இந்தச் சமையல்களில் பலவற்றை, ஹில்டா டியூட்ரம் தொகுத்து 1929இல் வெளியான சிலோன் டெய்லி நியூஸ் சமையல் புத்தகம் வீடுதோறும் கொண்டுசேர்த்தது. 1956இல் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய சட்டம் வந்தபின், ஆங்கிலத்தில் வாழ்ந்த பறங்கியர் குடும்பம் குடும்பமாக ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டார்கள். வெள்ளையருக்கே இடம் என்றிருந்த அந்நாட்டுக் குடியேற்றக் கொள்கையின் முன், ஐரோப்பிய வம்சாவளியை நிரூபிக்கப் பறங்கியர் சங்கம் தொகுத்த வம்ச வரலாறுகள் பலருக்கு உதவின. மெல்பர்னிலும் டிசம்பர் கோடைக்காலம். அங்கே போய் அவர்கள் சுட்டது இங்கிலாந்தின் கேக்கை அல்ல, ரவையும் பூசணியும் சேர்ந்த இலங்கைக் கேக்கை. குளிர்காலப் பண்டிகையை வெயிலில் கொண்டாடும் கலையை இந்தத் தீவில் கற்றவர்கள், அதையே தங்கள் சொந்த ஊரின் நினைவாக எடுத்துச் சென்றார்கள்.

இலங்கை மக்களில் கிறிஸ்தவர் ஏறத்தாழ 7 சதவீதம்தான். எனினும் டிசம்பர் 25 நாடு முழுவதற்கும் விடுமுறை. நள்ளிரவில் பல தெருக்களில் வெடிச்சத்தம் கேட்கும்.

இந்த வரலாற்றில் ஒரு பெருங்குறை உண்டு. துரைமாரின் பங்களாக்களிலும் பறங்கியர் வீடுகளிலும் மாவடித்து, பழம் நறுக்கி, விறகடுப்பின் தணலைப் பார்த்து நின்ற சிங்கள, தமிழ்ச் சமையற்காரரின் பெயர்கள் பெரும்பாலும் எங்கும் பதிவாகவில்லை. சீமைப் பண்டத்துக்கு உள்ளூர்ச் சரக்கைப் பொருத்திக் காட்டிய திறமையில் அவர்களுக்கும் பெரும்பங்கு உண்டு. உங்கள் குடும்பத்தில் அப்படி வேலை செய்த தாத்தாவோ பாட்டியோ இருந்தால், அவர்கள் கைப்பக்குவத்தை அவர்கள் பெயரோடு இந்த டிசம்பரிலேயே எழுதி வையுங்கள்.